நாலாவது பூட்டு

பழைய கட்டடத்தின் அடித்தளத்துக்கு லிஃப்ட் கிடையாது. படியில்தான் இறங்க வேண்டும். காலை ஒன்பதரை மணி, வெளியே சுள்ளென்று வெயில். ஆனால் பாதிப் படி இறங்குவதற்குள் கைப்பிடிக் கம்பி ஈரமாகிவிட்டது. துடைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கீழே நீராவிக் குழாய்கள் ஓடுகிற இடம், அப்படித்தான் இருக்கும் என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

"அண்ணி, பரீட்சைக்குப் போறோமா, கிணத்துல இறங்குறோமா?" என்றான் கொழுந்தன்.

"வாயை மூடிக்கிட்டு வா. அந்த ஆளு காதுல விழுந்தா அதுக்கும் மார்க் குறைப்பாரு."

நான் ஒரு ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்கிறவள். அவன் அதே ஆஸ்பத்திரியில் குழாய் வேலை. சான்றிதழ் இல்லாத பராமரிப்பு ஆட்கள் இந்த மாதத்தோடு சரி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதனால் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பயிற்சி மையத்தில் ஆறு வாரம் பாடம் கேட்டோம். ஆக்சிஜன் லைன், ஜெனரேட்டர், ஆபரேஷன் தியேட்டர் காற்று என்று எல்லாம் எழுதியும் முடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கொழுந்தனுக்குப் பதிமூன்று வயது. தாய் இல்லாத பிள்ளை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பார். ஆக அவனைக் குளிக்க விரட்டியது, பள்ளிக்கூடத்தில் கெஞ்சி நின்றது, பெண் பார்க்கப் போனது எல்லாம் நான்தான். நான் பெற்ற மகள் இரண்டாவது. அவன்தான் எனக்கு முதல். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

கீழே இரும்புக் கதவுக்கு முன்னால் கப்பல்காரர் ஏற்கனவே வந்து நின்றிருந்தார். எங்கள் பேட்ச்சில் மூன்றாவது ஆள். கப்பல் எஞ்சின் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், அதனால் அந்தப் பெயர். கரையில் ஒரு வேலை பார்ப்போம் என்று வந்திருந்தார். என்னைத் தங்கச்சி என்பார்.

தேர்வாளர் உள்ளே இருந்து கதவைத் திறந்தார். ஒட்ட வெட்டிய மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. இந்த ஆள்தான் ஆறு வாரமும் எங்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தவர். பாடத்தின் முதல் நாளே ஒரு கதை சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே அடித்தளத்தில், ஒரு டெக்னீஷியன் பூட்டுப் போடாமல் பெரிய ஸ்டெரிலைசருக்குள் போனானாம். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் நீராவி திறந்துவிட்டார்களாம்.

"நடந்து போனான், வெந்து வந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதே கதை, இதே இடத்தில் இதே சிரிப்பாம். பழைய மாணவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கு வகுப்பில் கொழுந்தன் சும்மா இருக்காமல் கையைத் தூக்கினான். "சார், அவரு பூட்டு போடலைன்னு யாரு பாத்தது?"

"நான்தான் பாத்தேன். நான்தான் அப்போ சூப்பர்வைசர். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். நானும் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேர்வு அறை என்பது அந்த ஸ்டெரிலைசர் இருக்கிற அறைதான். ஆபரேஷன் கருவிகளை, துணிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற இரும்பு அறை அது. தள்ளுவண்டியோடு ஆள் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரிசு. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. அழுக்குச் சாமான் முன்னால் போய், சுத்தமாகிப் பின்னால் வேறொரு அறையில் வெளியே வரும். இரண்டு அறைக்கும் நடுவே சுவர், இங்கிருந்து பார்த்தால் அங்கே நடப்பது தெரியாது. கதவு ஒவ்வொன்றிலும் கப்பலில் இருப்பதுபோல் ஒரு சக்கரம். முன்கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி.

உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. வெந்த பருத்தித் துணியின் வாடை, சூடான இரும்பின் வாடை, அதற்கடியில் இன்னொன்று. நான் சமையலறையில் நிற்கிறவள். அந்த இன்னொன்று என்ன என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் மனசுக்குள்கூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"நேத்து சாயங்காலமே வால்வை மூடியாச்சு" என்றார் தேர்வாளர். "இப்ப ஆறிக் கிடக்கும். மூணு பேரும் உள்ள போய் அடிவடிகட்டியைக் கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டிட்டு வரணும். முதல்ல பூட்டு."

பூட்டு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நீராவி வால்வை மூடிச் சங்கிலியால் பூட்டி, அந்தச் சாவியை ஒரு சிவப்பு இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியின் மேல் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட்டு, தன் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டோடு போட்டோ ஒட்டிய ஒரு சீட்டு. எல்லாரும் வெளியே வந்து அவரவர் பூட்டை எடுத்தால்தான் பெட்டி திறக்கும். பெட்டி திறந்தால்தான் சாவி, சாவி இருந்தால்தான் நீராவி. ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பூட்டும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நான் பூட்டினேன். "ஒண்ணு, உள்ளே."

"ரெண்டு, உள்ளே" என்றார் கப்பல்காரர்.

"மூணு, உள்ளே" என்றான் கொழுந்தன்.

"நாலு."

ஸ்டெரிலைசருக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். மெல்ல, தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது பாத்திரம் முனகுமே, அந்த மாதிரி.

நான் கொழுந்தனை முறைத்தேன். அவன் இரண்டு கையையும் தூக்கினான். "சத்தியமா நான் இல்ல அண்ணி."

தேர்வாளரின் பேனா காகிதத்தின் மேல் நின்றுபோயிருந்தது. பிறகு, "குழாய்ல காத்து அடைச்சிருக்கும். போங்க போங்க" என்றார். அவர் முகம் வெளிறியிருந்ததை நான் பார்த்தேன். பரீட்சை அவசரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காதில் இரைச்சல் தடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். அதுவும் விதி. வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று மாலையே ஆறியிருக்க வேண்டிய சுவர் சூடாக இருந்தது. தரையின் நடுவில் ஒரு குழி, அதற்குள்தான் வடிகட்டி. கொழுந்தன் குப்புறப்படுத்துத் தலையைக் குழிக்குள் விட்டுக் கழற்றினான். கப்பல்காரர் டார்ச் பிடித்தார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். வடிகட்டியில் அழுக்கோடு முடி சிக்கியிருந்தது. மனுஷ முடி, கட்டையாக வெட்டியது. துணி வேகவைக்கிற இடத்தில் முடி வருவது சகஜம்தான் என்று சொல்லிக்கொண்டே அலசினேன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

திரும்பினேன். யாருமில்லை. சுவரில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஈரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடத்தில் முடித்து வெளியே வந்தோம். ஒண்ணு வெளியே, ரெண்டு வெளியே, மூணு வெளியே என்று சொல்லி அவரவர் பூட்டை எடுத்தோம்.

பெட்டியில் ஒரு பூட்டு மிச்சம் இருந்தது.

பித்தளைப் பூட்டு, கரி பிடித்துக் கறுத்துப்போனது. அதோடு ஒரு சீட்டு. அதில் இருந்த போட்டோ வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் தோல்போல் சுருங்கியிருந்தது. முகம் தெரியவில்லை, நெற்றியும் ஒட்ட வெட்டிய முடியும் மட்டும் தெரிந்தன. தொட்டேன், கையைச் சுட்டது.

"எவன் வேலை இது?" தேர்வாளர் கத்தினார். குரல் உடைந்தது. "எவன்டா இதை எடுத்துட்டு வந்தது? இதை நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தவர், மேலே பேசாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எங்கள் மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் மேசைக்கடியில் குனிந்து பூட்டு வெட்டுகிற நீளமான கட்டரை எடுத்தார்.

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த வேதனையை உங்களிடம் மறைத்து வைத்து விளையாட எனக்கு மனசில்லை. நாங்கள் பூட்டைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நேரத்தில், கொழுந்தன் கருவிப் பையை எண்ணியிருக்கிறான். ஒரு ஸ்பேனர் குறைந்தது. கருவியை உள்ளே விட்டுவிட்டு வந்தால் தேர்வில் நேரே தோல்விதான். மறுபடி பூட்டுப் போட்டுவிட்டுப் போனால் தேர்வாளர் ஏன் என்று கேட்பார். ஒரு நிமிட வேலைதானே என்று சத்தம் காட்டாமல் சுவரைச் சுற்றிப் பின்பக்க அறைக்குப் போய், பின்கதவு வழியாக உள்ளே நுழைந்துவிட்டான். காதில் இரைச்சல் தடுப்பு. பூட்டு அவன் சட்டைப் பையில்.

அவனுக்காக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது அந்த நாலாவது பூட்டு ஒன்றுதான்.

"சொந்தக்காரன் இல்லாத பூட்டை வெட்டறதுக்கு ஒரு படிவம் இருக்கு" என்றார் தேர்வாளர். "பாடத்துல படிச்சீங்கல்ல? ஆளைத் தேடணும், உள்ளே யாரும் இல்லைன்னு ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். இதையும் தேர்வுல சேர்த்துக்கலாம். போடுங்க."

"தேட வேண்டாமா சார்?" என்றேன்.

"இப்பத்தானேம்மா மூணு பேரும் வெளியே வந்தீங்க? இன்னும் யாரைத் தேடப் போற? உனக்குச் சான்றிதழ் வேணுமா, வேணாமா?"

வேண்டும். எனக்கு வேண்டும். அவனுக்கும் வேண்டும். 'பூட்டின் உரிமையாளர் வளாகத்தில் இல்லை, உள்ளே எவரும் இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல்காரரும் போட்டார். ஆறு வாரம் இதைச் செய்யக்கூடாது என்றுதான் படித்தோம். பரீட்சையில் தேர்வாளர் சொன்னால் செய்துவிடுகிறோம்.

கட்டரின் வாய் மூடியது. பூட்டு விழுந்தது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நூல்போல ஆவி கிளம்பியது. அந்த அறையிலிருந்த எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன.

"விசிறியை நிறுத்து. பின்கதவை மூடு. நீராவி விட்டு ஓட்டிப் பாத்தாத்தான் தேர்வு முடியும்" என்றார் தேர்வாளர். கப்பல்காரர் விசிறியை நிறுத்திவிட்டுச் சுற்றிப்போய்ப் பின்கதவின் சக்கரத்தைச் சுற்றினார். முன்கதவை மூடியது நான். நானே, என் இரண்டு கையாலும்.

சாவி வெளியே வந்தது. வால்வு திறந்தது. நீராவி இரைந்துகொண்டு உள்ளே போனது.

உடனே தட்டும் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

"சார்..."

"குழாய் தட்டுதும்மா. பாய்லர்க்காரி உனக்குத் தெரியாதா? ஆறின குழாய்ல நீராவி போனா தண்ணி மோதும், தட்டும். இது பதினோரு வருஷமா தட்டுது. தினமும் தட்டும். நான் பழகிட்டேன்."

எனக்குக் குழாய் தட்டுவது தெரியும். அது குழாயில் தட்டும். இது கதவில் தட்டியது, முழங்கால் உயரத்தில், விட்டுவிட்டு.

திரும்பிப் பார்த்தேன். கப்பல்காரர் வந்து நின்றார். கொழுந்தன் இல்லை.

"அவன் எங்கே?"

கப்பல்காரர் பேயறைந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, பின்கதவை மூடும்போது உள்ளே பாத்தீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

வட்டக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை வந்து அறைந்தது. ரத்தச் சிவப்பாக இருந்தது. கட்டைவிரலில் பழைய தழும்பு, பத்து வருடத்துக்கு முன்னால் நான் மஞ்சள் வைத்துக் கட்டிய தழும்பு. அதன் பக்கத்தில் இன்னொரு கை மெல்ல எழுந்து வந்தது. அது வெள்ளையாக இருந்தது, அவித்தெடுத்த வெள்ளை, நகம் ஒன்றுகூட இல்லை. அந்த விரல்கள் கொழுந்தனின் விரல்களுக்கு நடுவே நுழைந்து, கோத்து, அவன் கையைக் கண்ணாடியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டன.

நீராவியை வெளியேற்றுகிற அவசர வால்வு கதவுக்கு இடப்பக்கம் இருந்தது. பாய்ந்தேன்.

தேர்வாளர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே யாரும் இல்ல" என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை. "அவன் பூட்டு போடல. நான் பாத்தேன். அவன் பூட்டு போடல."

"என் புள்ள உள்ள இருக்கான்யா! விடு!"

"போடல. போடல. போடல."

கட்டர் தரையில் கிடந்தது. மற்றக் கையால் எடுத்து அவர் முன்கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிடி விட்டது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். இன்னொரு தடவை தோளில் அடித்தேன். அந்த இரண்டாவது அடி தேவையில்லாதது, ஆனாலும் அடித்தேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

வால்வைச் சுற்றினேன். கூரைக்குழாயில் நீராவி அலறிக்கொண்டு போனது. "பின்கதவு!" என்று நான் கத்தியதும் கப்பல்காரர் ஓடினார். அழுத்தம் இறங்காமல் கதவு திறக்காது. முள் இறங்கிக்கொண்டே வந்தது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன், அழுதேனா என்று ஞாபகம் இல்லை.

அப்போது முன்கதவின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அதை யாரும் தொடவில்லை. உள்பக்கம் சக்கரமே கிடையாது.

கதவு படாரென்று திறந்து, முன்னால் மண்டியிட்டிருந்த தேர்வாளரின் முகத்தில் மோதியது. பல் தெறித்துச் சுவரில் பட்டது. வெள்ளை ஆவி அறையை மூடியது. அதற்குள்ளிருந்து அந்தக் கை வந்தது. அவருடைய முறிந்த கையை, முறிந்த இடத்திலேயே பிடித்து இழுத்தது. அவர் மற்றக் கையால் கதவின் விளிம்பைப் பற்றினார். கதவு திரும்ப மூடியது. நான்கு விரல்கள் வெளியே விழுந்தன.

அவர் கத்தியது கொஞ்ச நேரம்தான். ஆனால் தட்டுவது நெடுநேரம் கேட்டது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பின்கதவு மூடியிருந்தது, கொழுந்தனை வெளியே இழுத்துப் போட்டதும் அது தானாகவே அடைத்துக்கொண்டதாம். கப்பல்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார், அவர் மடியில் கொழுந்தனின் தலை. மூச்சு இருந்தது. மாரில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

தேர்வாளரைத் தீயணைப்புக்காரர்கள் எடுத்தார்கள். நீராவி நின்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்கள். உள்ளே சுவர் சில்லென்று இருந்ததாம். ஆனால் அவரைத் தூக்கப் போனபோது, கை எலும்பு மட்டும் தனியே கழன்று வந்ததாம். பல மணி நேரம் வெந்த சதை அது என்று ஒருவர் சொன்னார். மற்றவர் வாந்தி எடுக்கப் போயிருந்தார்.

கொழுந்தனை மேலே புதுக் கட்டடத்தின் தீக்காய வார்டில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது எப்படின்னு எனக்குப் புரியலை. நீங்களே பாருங்க."

முதுகு முழுக்க வெந்திருக்க வேண்டும், ஆனால் முதுகில் ஒரு கொப்புளம்கூட இல்லை. யாரோ பின்னாலிருந்து ஒட்டி நின்ற மாதிரி, ஒரு ஆளின் வடிவத்துக்குத் தோல் அப்படியே இருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் வெந்து உரிந்திருந்தது. அதன் நடுவே இரண்டு கை கட்டிப்பிடித்த தடம். அந்தத் தடத்தில் மட்டும் நல்ல தோல். தொப்புளுக்கு மேலே இரண்டு கையின் விரல்களும் கோத்திருந்தன. எண்ணிப் பார்க்கலாம், பத்து விரல்.

காப்பாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். முகம் தெரியாத அந்த ஆளைக் கைகூப்பிக் கும்பிட்டேன். எனக்கு அழுகை பீறிட்டு வந்தது.

கொழுந்தன் கண்ணைத் திறந்தான். உதடு வீங்கியிருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"விடமாட்டேங்கறான் அண்ணி."

"எல்லாம் முடிஞ்சு போச்சுடா. நீ வெளியே வந்துட்ட."

"இல்ல அண்ணி. இன்னும் விடல."

அன்று மதியமே நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலம். கொழுந்தன் தன் அஜாக்கிரதையால் பூட்டுப் போடாமல் உள்ளே போனான், பெட்டியில் வேறு பூட்டு எதுவும் இருக்கவில்லை, அவனைக் காப்பாற்றப் போய்த் தேர்வாளர் உயிரை விட்டார். கையெழுத்துப் போட்டால் சிகிச்சை கடைசிவரை இங்கேயே நடக்கும், இருவருக்கும் சான்றிதழும் உண்டு. கப்பல்காரரின் கையெழுத்து ஏற்கனவே அதன் அடியில் இருந்தது. பின்கதவை மூடுவதற்கு முன் உள்ளே நன்றாகப் பார்த்தேன், காலியாக இருந்தது என்று அவர் தனியாக ஒரு வரி வேறு எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் என்ன செய்வேன்? உள்ளே கிடப்பது என் பிள்ளை. போட்டேன்.

மறுநாள் காலை கட்டுப் பிரித்ததும் நர்ஸ் "அய்யோ" என்றாள்.

கைத்தடம் நகர்ந்திருந்தது. வயிற்றில் நேற்றுவரை நல்ல தோல் இருந்த இடம் புதிதாக வெந்து, உரிந்து, ரத்தம் கசிந்தது. நேற்று வெந்திருந்த விலாவில் இன்று நல்ல தோல். பத்து விரலும் விலா எலும்புக்கு மேலே ஏறியிருந்தன. கொழுந்தனின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க அவன் கத்தியிருக்கிறான், தொண்டையிலிருந்து சத்தம்தான் வரவில்லை.

எனக்கு அப்போது உறைத்தது. அந்த மனுஷன் அன்றைக்கும் பூட்டுப் போட்டிருந்தான். அதை வெட்டிவிட்டு, போடவே இல்லை என்று எழுதினார்கள். பதினோரு வருடம் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

படியில் ஓடினேன். நிர்வாக அலுவலகத்தில் அந்த வாக்குமூலத்தைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கவில்லை. அங்கேயே நின்று வெள்ளைத் தாளில் என் கையால் எழுதினேன். நாலாவது பூட்டு இருந்தது. உள்ளே பார்க்காமலே யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். வெட்ட விட்டேன். முன்கதவை மூடியது நான். பதினோரு வருடத்துக்கு முந்தைய பூட்டும் இப்படித்தான் வெட்டப்பட்டது என்று நம்புகிறேன். மூன்று பிரதி எழுதி, ஒன்றை நிர்வாகத்திலும் ஒன்றைக் காவல் நிலையத்திலும் கொடுத்தேன். ஒன்றைப் பயிற்சி வகுப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சான்றிதழ் போயிற்று. வேலையும் போயிற்று. போகட்டும்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது இடது கையின் தடம் இல்லை. அந்தப் பக்கம் ஒழுங்காக ஆறத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா சிரித்தார். நான் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கை அப்படியே இருந்தது.

பூட்டை வெட்டக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர், உண்மையை எழுதிக் கொடுத்தது நான் ஒருத்திதான். கப்பல்காரரின் எண்ணுக்கு அடித்தேன், மணி போகவில்லை. வீட்டு முகவரியை விசாரித்துப் போனேன். அவர் சம்சாரம்தான் கதவைத் திறந்தாள்.

"அவருக்குக் கரையில இருக்கவே பயமாயிருச்சுங்க. ராத்திரி தூங்கவே மாட்டேன்னுட்டாரு. சான்றிதழ் கைக்கு வந்ததும் பழைய கம்பெனில சொல்லி நேத்தே கப்பல் ஏறிட்டாரு. நடுக்கடல்ல போன் எடுக்காதுங்க. ஏதாவது அவசரமா?"

கம்பெனிக்குத் தந்தி மாதிரி ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர்கள் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். செய்தி கிடைத்தது, பதில் சொல்ல ஒன்றுமில்லை என்கிறார் என்று திருப்பிச் சொன்னார்கள். நேரில் சட்டையைப் பிடிக்காமல் கப்பல்காரர் உண்மையை எழுத மாட்டார். நான் பிடிப்பேன். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று கேட்டு வைத்திருக்கிறேன், பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன்.

நேற்று அந்தக் கை தோள்பட்டை எலும்பின் மேல் இருந்தது. இன்று காலை நர்ஸ் தாடைக்குக் கீழே பஞ்சை எடுத்தபோது, கட்டைவிரல் தொண்டைக்குழியில் இருந்தது. மற்ற நாலு விரலும் கழுத்தைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தன. கொழுந்தன் என்னைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து இழுத்து விடுகிறான்.

கப்பல் கரைக்கு வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.